செய்தி எந்தத் தேதியில் தொடங்குகிறது?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



அமெரிக்காவில் கறுப்பு மாணவர்கள் நிறவெறிக்கு எதிராகக் கல்லூரிகளில் நடத்திய போராட்டங்களைப் பற்றியும், அவற்றைப் பெரிய பத்திரிகைகள் எப்படி எழுதின என்பதைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறோம். நைட் ஷிப்டு முடித்தும், களத்து மேட்டிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கிற நமக்கு அது எதற்கு என்று ஒரு தோழர் வாசலிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக நாமும் ஒரு கேள்வி கேட்கிறோம்.

நம் மில்லில் ஸ்டிரைக் நடந்தால் பெரிய பத்திரிகைகளில் செய்தி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது? போனஸ் கேட்டு மனுக் கொடுத்த தேதியிலிருந்தா? வேலைப்பளுவை ஏற்றி, ஆள் குறைத்த தேதியிலிருந்தா? ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்தா? கிடையாது. கேட்டுக்கு வெளியே ஒரு கண்ணாடி உடைந்த தேதியிலிருந்து! அதற்கு முந்தைய ஆறு மாதமும் பத்திரிகைக் காலண்டரில் இல்லாத மாதங்கள். மிராசுதார் மரக்காலைக் குறைத்து அளந்த காலத்தில் கிராமம் "அமைதியாக" இருந்தது. பண்ணையாள் அரிவாளைக் கீழே வைத்துக் கூலி கேட்டானே, அன்றைக்குத்தான் "கிராமத்தில் பதற்றம்" பிறந்தது.

இந்த ஒரு தந்திரத்தை மனதில் வைத்துக்கொண்டு நாம் கடல் கடந்து போவோம்.

தென் கரோலினா என்ற ராஜ்யத்தில் ஆரஞ்ச்பர்க் என்று ஓர் ஊர். அங்கே கறுப்பு மக்களின் பிள்ளைகள் படிக்கிற சர்க்கார் கல்லூரி ஒன்று இருக்கிறது. ஊருக்குள் ஒரு விளையாட்டுக் கொட்டகை. வழவழப்பான மரத்தரையில் கனத்த பந்தை உருட்டி, எதிரே நிற்கிற கட்டைகளை விழத் தட்டுகிற ஆட்டம், பௌலிங் என்பார்கள். காசு கொடுத்தால் யாரும் ஆடலாம், கறுப்பர் மட்டும் ஆடக் கூடாது. பொது இடங்களில் நிறபேதம் காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1964-லேயே சட்டம் வந்துவிட்டது. 1968-லும் கொட்டகைக்காரர் அந்தச் சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றார். சட்டப் புத்தகத்தில் ஒழிந்துபோன தீண்டாமை டீக்கடையில் தனி கிளாசாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆகவே இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

1968 பிப்ரவரி 5-ந் தேதி மாணவர்கள் அந்தக் கொட்டகைக்குப் போனார்கள். மறுநாளும் போனார்கள். இரண்டாவது நாள் போலீஸ் தடியைச் சுழற்றியது. மாணவிகளுக்கும் அடி விழுந்தது. 8-ந் தேதி இரவு, கல்லூரி எல்லையில் மாணவர்கள் தீ மூட்டிக் கூடி நின்றார்கள். எதிரே ராஜ்யப் போலீசார் துப்பாக்கிகளோடு நின்றார்கள். ஒரு மரக்கட்டை பறந்து வந்து ஒரு போலீஸ்காரர் முகத்தில் பட்டது. சில நிமிஷம் கழித்து, இரவு பத்தரை மணிவாக்கில், போலீஸ் சுட்டது. எச்சரிக்கை கிடையாது, கண்ணீர்ப் புகை கிடையாது. சாமுவேல் ஹாமண்ட், ஹென்றி ஸ்மித், டிலேனோ மிடில்டன் என்ற மூவர் மாண்டார்கள். 25-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். பெரும்பாலோருக்குக் குண்டு பாய்ந்தது முதுகிலும் விலாவிலும், சிலருக்கு உள்ளங்காலில்! ஓடுகிறவனுக்கும் தரையில் விழுந்து கிடப்பவனுக்கும்தான் அந்த இடங்களில் குண்டு பாயும். மிடில்டனுக்கு வயது 17. அவன் கல்லூரி மாணவன்கூட இல்லை. உள்ளூர்ப் பள்ளிப் பையன். அவன் தாய் அந்தக் கல்லூரியில் வேலை செய்தவள்.

மறுநாள் அமெரிக்கா முழுவதும் பத்திரிகைகள் என்ன எழுதின? அசோசியேட்டட் பிரஸ் என்ற பெரிய செய்தி ஸ்தாபனம், இரு தரப்பிலும் துப்பாக்கிச் சண்டை நடந்ததாகத் தந்தி கொடுத்தது. நூற்றுக்கணக்கான மைல் தொலைவில் இருந்த பத்திரிகைகள் அதை அப்படியே அச்சடித்தன. மாணவர்கள் அந்த நேரத்தில் சுட்டார்கள் என்பதற்கு நம்பத்தக்க சாட்சியம் பிற்பாடும் வந்ததில்லை. ஆனால் படித்தவன் மனதில் பதிந்தது "சண்டை" என்ற வார்த்தை. கவர்னர் மக்நேர் வேறொரு வார்த்தையைச் சேர்த்தார்: வெளியிலிருந்து வந்த கலகக்காரர்களின் தூண்டுதல்! இது எங்கேயோ கேட்ட பாட்டு போல இருக்கிறதா? கூலி கேட்டவன் தானாகக் கேட்டான் என்று எந்த ஆட்சி ஒப்புக்கொண்டிருக்கிறது? வயிறு உள்ளூரில் இருந்தாலும் பசி வெளியூரிலிருந்து வந்தது என்றுதான் சொல்வார்கள்.

"மோதல்" என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. இரண்டு ஆட்டுக்கடா முட்டிக்கொண்டால் அது மோதல். ஒருவன் கையில் துப்பாக்கியும் மற்றவன் முதுகில் குண்டும் இருந்தால் அதற்குப் பெயர் வேறு. அதே 1968-ம் வருஷம் டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. கிழக்குத் தஞ்சைத் தோழர்களுக்கு இந்தச் சொல்லைப் பற்றி நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர் ஜாக் நெல்சன், கவர்னர் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார். காயம்பட்டவர்களின் வைத்தியக் குறிப்புகளைப் பார்த்தார். எவனுக்கு எந்தப் பக்கம் குண்டு பாய்ந்தது என்று கணக்கெடுத்தார். முதுகு, முதுகு, விலா, பாதம். அவரும் ஜாக் பாஸ் என்ற நிருபரும் சேர்ந்து 1970-ல் இதைப் புத்தகமாகவே எழுதினார்கள். உண்மை ஆஸ்பத்திரிக் கட்டிலில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் கிடந்தது. போய்ப் பார்க்கிற கால்கள்தான் குறைவாக இருந்தன.

முடிவையும் கேளுங்கள். ஒன்பது போலீசார் மீது வழக்கு நடந்தது. 1969-ல் ஒன்பது பேரும் விடுதலை. ஜெயிலுக்குப் போனவர் ஒரே ஒருவர்: கிளீவ்லண்ட் செல்லர்ஸ். அவர் சுட்டவர் அல்லர், அன்று குண்டடி பட்டவர்களில் ஒருவர்! கலகம் செய்தார் என்று தண்டித்து ஏழு மாதம் உள்ளே வைத்தார்கள். 1993-ல் மன்னிப்பு வழங்கினார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வழங்குகிறார்கள். 2003-ல்தான் ஒரு கவர்னர் ராஜ்யத்தின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். முப்பத்தைந்து வருஷம்.

இரண்டு வருஷம் கழித்து, 1970 மே 4-ந் தேதி, ஒஹையோ ராஜ்யத்தில் கென்ட் பல்கலைக்கழகத்தில், கம்போடியாவுக்குள் படை நுழைந்ததை எதிர்த்த மாணவர்கள் மீது தேசியக் காவல் படை சுட்டது. 13 வினாடிகளில் 67 குண்டுகள். நான்கு வெள்ளை மாணவர்கள் மாண்டார்கள். உலகம் அதிர்ந்தது. விழுந்து கிடந்தவன் அருகே மண்டியிட்டுக் கதறுகிற பெண்ணின் படம் எல்லா நாடுகளிலும் வெளிவந்தது. அதிர்ந்தது சரியே, அந்த நால்வருக்காக நம் தொழிலாளி வர்க்கமும் தலை தாழ்த்துகிறது. ஆனால் பதினோரு நாள் கழித்து, மே 15 நள்ளிரவு தாண்டி, மிசிசிப்பி ராஜ்யத்தில் ஜாக்சன் என்ற கறுப்பினக் கல்லூரியில் போலீஸ் சுட்டதே, அது எத்தனை பேருக்குத் தெரியும்? அரை நிமிஷம் விடாமல் சுட்டார்கள். மாணவிகள் விடுதிச் சுவரில் நூற்றுக்கணக்கான குண்டுத் துளைகள். இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் பிலிப் கிப்ஸ், கல்லூரி மாணவர். மற்றவன் ஜேம்ஸ் எர்ல் கிரீன், வயது 17. பள்ளியில் படித்துக்கொண்டே மளிகைக் கடையில் வேலை செய்த பையன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் விழுந்தான். மாடியிலிருந்து யாரோ சுட்டார்கள் என்றது போலீஸ். ஜனாதிபதி நியமித்த விசாரணைக் கமிஷன் அதற்கு ஆதாரம் காணவில்லை. அந்தத் துப்பாக்கிச் சூடு நியாயமற்றது என்றே சொன்னது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ரத்தத்தின் நிறம் ஒன்றுதான். அதற்குப் பத்திரிகையில் ஒதுக்குகிற பத்தியின் அகலம் தோலின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானமாகிறது.

புகைப்படம் பொய் சொல்லாது என்பார்கள். அதையும் பார்ப்போம். 1969 ஏப்ரல் 20-ந் தேதி, கார்னெல் பல்கலைக்கழகத்தில் கறுப்பு மாணவர்கள் கையில் துப்பாக்கிகளோடு ஒரு கட்டடத்திலிருந்து வெளியே வருகிற படம் ஒன்று எடுக்கப்பட்டது. அமெரிக்காவையே கதிகலங்க வைத்த படம். எடுத்தவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. படத்தில் ஒரு பொய்யும் இல்லை. துப்பாக்கி உண்மை, தோட்டாப் பட்டை உண்மை. ஆனால் அது இரண்டு நாள் கதையின் கடைசி நிமிஷம்! 18-ந் தேதி விடிவதற்கு முன் கறுப்பு மாணவிகள் குடியிருந்த வீட்டு வாசலில் யாரோ ஒரு சிலுவையைக் கொளுத்தி வைத்தார்கள். எரிகிற சிலுவை என்றால் அந்த நாட்டில் கொலை மிரட்டல் என்று அர்த்தம். கூ கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறிக் கும்பலின் அடையாளம் அது. மறுநாள் மாணவர்கள் கட்டடத்துக்குள் நுழைந்தபோது கையில் துப்பாக்கி இல்லை. வெள்ளை மாணவர் கோஷ்டி ஒன்று பின்பக்கமாகப் புகுந்து கைகலப்பு நடந்த பிறகே, உயிருக்கு ஆபத்து என்று துப்பாக்கி உள்ளே வந்தது. துப்பாக்கி எடுத்தது புத்திசாலித்தனமா என்று நீங்கள் விவாதிக்கலாம். நம் அபிப்பிராயத்தில், அது எதிரிக்கு ஒரு படத்தைக் கொடுத்துவிட்டது. ஆனாலும் எரிந்த சிலுவையின் படத்துக்கு ஏன் பரிசு இல்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இதெல்லாம் நிருபரின் அவசரம், எடிட்டரின் கவனக்குறைவு என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். அவர்களுக்காக நியூயார்க் நகரத்துக்குப் போவோம்.

அங்கே கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு மேட்டில் இருக்கிறது. கீழே ஹார்லெம், கறுப்பு மக்கள் நெருங்கி வாழ்கிற பேட்டை. இரண்டுக்கும் நடுவே ஊருக்குச் சொந்தமான பூங்கா. அந்தப் பூங்காவை எடுத்துத் தேகப்பயிற்சிக் கூடம் கட்டக் கிளம்பியது பல்கலைக்கழகம். மாணவர்களுக்கு மேலே ஒரு வாசல். ஹார்லெம் ஜனங்களுக்குக் கீழே தனி வாசல், உள்ளே ஒரு மூலை. மேலத்தெருவுக்கு ஒரு வழி, சேரிக்கு ஒரு வழி! ஹார்லெம் எதிர்த்தது. வியட்நாம் யுத்தத்துக்குத் துணைபோகிற ஆராய்ச்சியையும் எதிர்த்து மாணவர்கள் 1968 ஏப்ரல் 23-ல் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். 30-ந் தேதி விடியுமுன் போலீஸ் உள்ளே புகுந்து சுமார் 700 பேரைக் கைது செய்தது. பலருக்கு மண்டை உடைந்தது. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில், அதன் பெரிய எடிட்டர்களில் ஒருவரே, அலங்கோலமாகக் கிடந்த பல்கலைக்கழகத் தலைவரின் அறையையும் தலைவரின் வேதனையையும் உருக்கமாக எழுதினார். உடைந்த மேஜைக்குக் கிடைத்த கண்ணீர் உடைந்த மண்டைக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பத்திரிகையின் அதிபர் சல்ஸ்பர்கர் அப்போது யார் தெரியுமா? அதே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டிரஸ்டிகளில் ஒருவர்! மில் டைரக்டர் போர்டில் உட்காருகிறவரே பத்திரிகை முதலாளியாகவும் இருந்தால் ஸ்டிரைக் செய்தி எப்படி வரும்? அவர் எடிட்டரைக் கூப்பிட்டு இப்படி எழுது, அப்படி எழுது என்று சொல்ல வேண்டியதே இல்லை. முதலாளி எந்த மேஜையில் சாப்பிடுகிறார் என்று குமாஸ்தாவுக்குத் தெரியும். அது போதும். (பூங்காவில் அந்தக் கட்டடம் எழும்பவில்லை. போராட்டம் அதைத் தடுத்துவிட்டது.)

பேனா யார் கையில் இருந்தது என்பதற்குச் சர்க்கார் புள்ளிவிவரமே இருக்கிறது. 1967-ல் நகரங்களில் நடந்த கலவரங்களை விசாரிக்க ஜனாதிபதி ஜான்சன் போட்ட கெர்னர் கமிஷன், 1968 பிப்ரவரி கடைசியில், ஆரஞ்ச்பர்க் நடந்து மூன்றே வாரத்தில், தன் அறிக்கையை வெளியிட்டது. அதில் பத்திரிகைகளுக்கென்று தனி அத்தியாயம். செய்தித் துறையின் ஆசிரியப் பிரிவு வேலைகளில் கறுப்பர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை; எடிட்டர், மேற்பார்வையாளர் பதவிகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை; பத்திரிகைகள் வெள்ளையர் கண்ணால் மட்டுமே நாட்டைப் பார்க்கின்றன என்று அது சொன்னது. சொன்னவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல. கவர்னர், செனட்டர்கள், போலீஸ் அதிகாரி!

இப்போது கிட்டத்து விஷயத்துக்கு வருவோம். மிசூரி பல்கலைக்கழகம், 2015-ம் வருஷம். நமக்கு இதில் படிக்க நிறைய இருக்கிறது, ஏனென்றால் இதில் ஒரு ஸ்டிரைக் இருக்கிறது.

முதலில் அந்த இடத்தின் பூர்வோத்தரம். 1908-ல் அங்கே பத்திரிகைத் தொழிலுக்கென்றே தனிக் கல்லூரி திறந்தார்கள். உலகத்திலேயே இந்த மாதிரிக் கல்லூரிகளில் முன்னோடி என்று பெருமை. 1939-ல் லூசைல் புளூஃபோர்டு என்ற பெண் அங்கே மேல்படிப்புக்கு மனுப் போட்டார். கான்சாஸ் நகரத்துக் கறுப்பு மக்களின் பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்தவர். காகிதத்தைப் பார்த்து இடம் கொடுத்தார்கள். நேரில் வந்ததும் தோலைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார், மறுபடி மறுபடி மனுப் போட்டார். கடைசியில் என்ன செய்தார்கள்? 1942-ல் யுத்த காலத்தில் ஆள் இல்லை என்று காரணம் காட்டி, அந்த மேல்படிப்பு வகுப்பையே மூடினார்கள்! சங்கம் வைத்தால் கதவடைப்பு என்பது நமக்குத் தெரியும். ஒரு பெண் படிக்க வந்தாள் என்பதற்காகக் கல்லூரி வகுப்புக்கே கதவடைப்பு. அந்தப் பல்கலைக்கழகம் அவருக்கு 1989-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. சரியாக ஐம்பது வருஷம்.

அதே பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கக் கேட்டவர் லாயிட் கெய்ன்ஸ். அவருக்காக 1938-ல் அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது. 1939 மார்ச்சில் ஒருநாள் மாலை, தபால் தலை வாங்கிவருகிறேன் என்று சிகாகோவில் வெளியே போனதாகச் சொல்கிறார்கள். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. 1950-ல்தான் முதல் கறுப்பு மாணவர்கள் உள்ளே வந்தார்கள்.

கெய்ன்ஸ் பெயரைத் தாங்கிய கறுப்பர் பண்பாட்டு மையம் ஒன்று இன்று அங்கே இருக்கிறது. 2010 பிப்ரவரியில் ஓர் இரவு, இரண்டு வெள்ளை மாணவர்கள் அதன் வாசல் புல்வெளியெங்கும் பஞ்சு உருண்டைகளை இறைத்துவிட்டுப் போனார்கள். பஞ்சு! புளோ ரூமில் பஞ்சுத் தூசியை மூச்சிழுக்கிற நம் தோழர்களுக்குப் பஞ்சென்றால் கூலி, இருமல், வாழ்க்கை. அந்த மக்களுக்குப் பஞ்சென்றால் பாட்டன் முதுகில் விழுந்த சவுக்கடி. அமெரிக்கப் பருத்திக் காட்டில் அடிமைகள் பறித்த பஞ்சு லங்காஷயர் மில்களுக்குப் போய்த் துணியாகி, நம் நெசவாளியின் தறியை நிறுத்த இங்கே வந்து இறங்கியது. ஒரே பஞ்சு இரண்டு ஜனங்களின் கழுத்தை நெரித்திருக்கிறது. அதை இறைத்தவர்களுக்குக் கிடைத்த தண்டனை, குப்பை போட்ட குற்றத்துக்கான தண்டனை.

2015-ல் மாணவர் சங்கத் தலைவரையே தெருவில் நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள். ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த கறுப்பு மாணவர்களைக் குடித்துவிட்டு வந்த ஒருவன் ஏசினான். ஆகஸ்டு மாதத்தில், வகுப்பெடுத்துக்கொண்டும் ஆராய்ச்சிக்கூட வேலை பார்த்துக்கொண்டும் மேல்படிப்புப் படிக்கிற மாணவர்களின் வைத்திய இன்ஷூரன்ஸ் உதவியை நிர்வாகம் சில மணி நேர நோட்டீசில் வெட்டியது. எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கியது. இதைக் கவனியுங்கள் தோழர்களே, இது கூலிப் பிரச்சினை. நிறமும் கூலியும் அங்கே ஒரே கயிற்றில்தான் முறுக்கப்பட்டிருந்தன. பல்கலைக்கழகத் தலைவர் டிம் ஊல்ஃப் படிப்புத் துறையிலிருந்து வந்தவர் அல்லர். கம்ப்யூட்டர் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். அக்டோபர் 10-ல் ஊர்வலத்தில் அவர் கார் முன்னால் மாணவர்கள் கைகோத்து நின்று தங்கள் குறையைச் சொன்னார்கள். அவர் காரைவிட்டு இறங்கவில்லை. நவம்பர் 2-ல் ஜானதன் பட்லர் என்ற மேல்படிப்பு மாணவர், தலைவர் விலகும்வரை சாப்பிட மாட்டேன் என்று உண்ணாவிரதம் உட்கார்ந்தார்.

உள்ளூர் மாணவர் பத்திரிகை இதையெல்லாம் நாள்தோறும் எழுதியது. நாடு தழுவிய பெரிய பத்திரிகைகளும் டெலிவிஷனும் அநேகமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. நவம்பர் 7 இரவுதான் அவர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஏன்? கால்பந்துக் குழுவின் கறுப்பு ஆட்டக்காரர்கள், தலைவர் விலகாவிட்டால் ஆட மாட்டோம் என்றார்கள்.

அந்த ஆட்டக்காரர்களின் நிலை என்ன? அங்கே கல்லூரிக் கால்பந்து கோடி கோடியாய்ப் பணம் புரள்கிற வியாபாரம். கோச்சுக்கு வருஷத்துக்குச் சுமார் 40 லட்சம் டாலர். ஆடுகிற பையனுக்கு அந்நாளில் படிப்பும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது. நவம்பர் 14 ஆட்டம் நடக்காவிட்டால் எதிர்க் குழுவின் பல்கலைக்கழகத்துக்குப் பத்து லட்சம் டாலர் நஷ்டஈடு கட்ட வேண்டும். மெஷினை யார் ஓட்டுகிறார் என்று காட்டிவிட்டார்கள்! கோச்சும் அவர்கள் பக்கம் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். நவம்பர் 9-ந் தேதி காலை தலைவர் ராஜினாமா. ஏழு நாள் உண்ணாவிரதத்தில் அசையாதது இரண்டு நாளில் அசைந்தது.

இது எவ்வளவு பெரிய செய்தி! கூலியில்லாத உழைப்பாளி வேலையை நிறுத்தித் தலைவரை இறக்கினான். ஆனால் அடுத்த பல வாரங்கள் டெலிவிஷனில் ஓடியது வேறொன்று. வெற்றி பெற்ற அதே நாளில், மாணவர்கள் கூடாரமடித்திருந்த புல்வெளியில் படமெடுக்க வந்த ஒரு மாணவப் புகைப்படக்காரரைச் சுற்றி நின்று தடுத்தார்கள். ஓர் ஆசிரியை, அதை வீடியோ எடுத்தவரை வெளியேற்ற ஆள்பலம் வேண்டும் என்று கூப்பிட்டார். அது வீடியோவாகி நாடெங்கும் பரவியது. அந்த ஆசிரியை செய்தது தவறு. பொது இடத்தில் படமெடுப்பவனைத் தடுக்கக் கூடாது.  இதில் நமக்குச் சந்தேகமில்லை. மாணவர்களுக்கும் இல்லை. மறுநாளே தடுப்புப் பலகைகளை எடுத்துவிட்டு, பத்திரிகைக்காரர்களுக்கு இங்கே வர உரிமை உண்டு, வரவேற்போம் என்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். வீடியோவைக் காட்டிய அளவுக்கு அந்தத் துண்டுப் பிரசுரத்தைக் காட்டினார்களா? கறுப்பர்களைச் சுடுவேன் என்று மிரட்டல் விடுத்து ஒரு 19 வயதுப் பையன் அதே வாரம் கைதானான். மாதக் கணக்கில் தலையங்கம் கண்டது மிரட்டல் அல்ல, வீடியோ. ஆசிரியை 2016 பிப்ரவரியில் வேலை இழந்தார். புளூஃபோர்டை வாசலில் நிறுத்திய கல்லூரி இருக்கிற அதே மைதானத்தில், "பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ஆபத்து" என்று மாணவர்களுக்கு உபதேசம் நடந்தது.

இன்னொரு வித்தையும் செய்தார்கள். உண்ணாவிரதமிருந்த பட்லரின் தகப்பனார் ஒரு பெரிய ரயில்வே கம்பெனியின் உயர் அதிகாரி, லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர் என்று கண்டுபிடித்து எழுதினார்கள். பணக்காரப் பிள்ளைக்கு என்ன ஒடுக்குமுறை என்று கேலி. தகப்பனார் பணக்காரர் என்பது நிஜம். ஆனால் வெள்ளைப் பணக்காரன் பிள்ளையைத் தெருவில் நிறத்தைச் சொல்லித் திட்டுகிறவன் யார்? பணம் வந்தாலும் தோல் மாறவில்லை என்றால் அங்கே இருப்பது எவ்வளவு ஆழமான வியாதி என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்! பணக்காரனின் பணத்தைப் பற்றி வாய் திறக்காத பத்திரிகைகளுக்கு, அவன் மகன் போராட வந்ததும் வர்க்க பேதம் ஞாபகம் வந்துவிட்டது. சலுகையில் பிறந்தவர்கள் என்று மாணவர்கள் யாரைச் சுட்டிக் காட்டினார்களோ, அந்தச் சொல்லையே பிடுங்கி அவர்கள் மேல் எறிந்தார்கள்.

பிற்பாடு முதலாண்டு மாணவர் சேர்க்கை இரண்டு வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. போராட்டத்தால் பல்கலைக்கழகம் கெட்டது என்று எழுதினார்கள். பஞ்சு இறைத்ததால் கெட்டது என்று எழுதினார்களா? அங்கும் கதை கண்ணாடி உடைந்த தேதியில்தான் தொடங்குகிறது.

கடைசியாக ஒன்று. 2015 டிசம்பரில் மிசூரி சட்டசபையில் ஓர் அங்கத்தினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். உடல்நலக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக ஆட மறுக்கிற மாணவனின் படிப்பு உதவித்தொகையைப் பறிக்க வேண்டும். அவனை ஆதரிக்கிற கோச்சுக்கு அபராதம் போட வேண்டும். சம்பளமே இல்லாதவனுக்கு ஸ்டிரைக் தடைச் சட்டம்! எதிர்ப்பு வந்ததும் சில நாளில் அதை அவரே வாபஸ் வாங்கிக்கொண்டார். வாசலில் கேள்வி கேட்ட தோழர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இந்த மசோதா யாரைப் பார்த்துப் பயந்து எழுதப்பட்டது என்பதை அவரே மற்றத் தோழர்களுக்கு விளக்கட்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறோம். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் 2015-ல் ரோட்ஸ் சிலையை அகற்ற வைத்த மாணவர்கள், அதே வருஷம் காண்டிராக்ட் துப்புரவுத் தொழிலாளர்களோடு சேர்ந்து நின்று, காண்டிராக்டை ஒழித்து அவர்களை நேரடி ஊழியர்களாக்க நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார்கள். சிலை விழுந்ததை எல்லாப் பத்திரிகைகளிலும் பார்த்திருப்பீர்கள். துப்புரவுத் தொழிலாளர் விஷயத்தை விவரமாகப் பேசுவோம். காண்டிராக்ட் ஆட்களாக வேலை செய்கிற தோழர்களைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். செகண்ட் ஷிப்டுத் தோழர்களுக்காகக் காலை பத்து மணிக்கே தொடங்கிவிடுவோம்.